விஜயதசமியன்று கிளம்பாத வண்டி

வண்டி நின்றுவிட்டால் முதலில் பெட்ரோலைப் பார்க்க வேண்டும், பிறகு நெருப்பைப் பார்க்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் கணவர் வண்டியோடு பேசும்போது காதில் விழுந்ததுதான். கடைவீட்டு வாசலில், ஐந்தடி நடை என்று சொல்கிற கூரைபோட்ட நடைபாதையில் குந்தி உட்கார்ந்து, "பெட்ரோல் வருது, நெருப்பு வரல, உனக்கு என்ன கேடு?" என்று அதை வைதுகொண்டே பிரிப்பார். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பேன். டார்ச் கொஞ்சம் ஆடினால் எனக்கும் சேர்த்துத் திட்டு விழும். டார்ச் பிடிக்கிறவளுக்கும் கண் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை தோன்றவில்லை.

தேக்காவில், பஃபலோ ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்திருந்தது. நான் சமைப்பேன். அவர் சாப்பாட்டை அடுக்குகளில் போட்டுத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்த நம் ஆட்களுக்கு மத்தியானத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். வீட்டுச் சோறு என்றால் காத்துக் கிடப்பார்கள். வண்டி, வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் தன் நாட்டுக்குக் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போன சின்ன மோட்டார் சைக்கிள். பின்னால் மரப்பெட்டி ஒன்றைப் பூட்டி, இரண்டு பக்கமும் கொக்கி வைத்திருந்தார். அடுக்குகள் தொங்க அவர் சிராங்கூன் ரோட்டில் திரும்பினால் கோயில் மணி மாதிரி சத்தம் வரும்.

அவருக்குக் காமாலை வந்தது. பச்சிலை, பத்தியம் என்று நாள் ஓட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் கைமீறியிருந்தது. கருமாதியன்று என்னை நடுவில் உட்காரவைத்து, நெற்றிக் குங்குமத்தை அழித்து, வெள்ளைச் சேலையைக் கையில் கொடுத்தார்கள். அழிப்பதற்கு முன்னால் அப்பிய குங்குமம் கொஞ்சமா நஞ்சமா! அது எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எனக்கு அன்றைக்கு வந்தது அழுகையைவிடக் கோபம்தான். அதை வெளியே காட்ட இடமில்லாமல் அழுதேன்.

அடுத்த மாதமே நான் அடுப்பை மூட்டினேன். சமைக்க முடிந்தது, கொண்டுபோகத்தான் ஆள் இல்லை. கூலிக்கு வைத்த ஒருவர் அடுக்குகளை மூன்று சக்கர ட்ரிஷா வண்டியில் ஏற்றிக்கொண்டு, வழியில் நின்று ஊர்க்கதை பேசி, சோறு ஆறிய பிறகு போய்ச் சேர்ந்தார். சாம்பார் ஆடை கட்டிப்போச்சு என்று துறைமுகத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். வண்டி ஐந்தடி நடையில் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு விடியற்காலையில் அவருடைய கால்சட்டையை உள்ளே போட்டுக்கொண்டு, மேலே வெள்ளைச் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, ஃபேரர் பார்க் மைதானத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். விழுந்தேன். எழுந்தேன். மறுநாளும் போனேன். ஓட்டுநர் பரீட்சையில் என்னைச் சோதித்த வெள்ளைக்காரர் என் சேலையைப் பார்த்துச் சிரித்தார். நான் வளைவில் கால் ஊன்றாமல் திரும்பியதும் சிரிப்பை நிறுத்திக் கையெழுத்துப் போட்டார்.

சந்தில் பேச்சு எழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. தாலி இழந்தவள் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு போகிறாளாம். பால்காரர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், நான் எதிரே வந்தால் சகுனம் கெட்டுவிடும் என்று. நானும் வேண்டுமென்றே அவர் வீட்டு வழியாகத்தான் போவேன். துறைமுகத்திலும் முதல் நாள் எல்லாரும் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் பெரியவர் ஒருவர்தான் வாயைத் திறந்தார். "சோறு சூடா இருக்குது லா. யாரு கொண்டாந்தா நமக்கென்ன?" அதற்குப் பிறகு அங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. வெள்ளைச் சேலையில் வண்டிக் கரி அப்பியிருந்ததைப் பார்த்து என் ஓரகத்தி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கரி பிடித்திருந்தது. அந்தச் சேலையில் எனக்குப் பிடித்த ஒரே நிறம் அதுதான்.

ஓரகத்தி என்றால் என் கணவருடைய அண்ணன் மனைவி. அவர்கள் இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தார்கள். மூத்தார், அதாவது அவருடைய அண்ணன், சிராங்கூன் ரோட்டில் ஓர் அச்சகத்தில் மெஷின்களுக்குப் பொறுப்பாக இருந்தார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் திருகாணி முடுக்கும் திருப்புளி ஒன்று குத்தியிருக்கும். கல்யாணத்துக்கு வந்தாலும் அது கூடவே வரும். நல்ல மனுஷர்தான். தம்பி மேல் உயிர். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: தம்பி மனைவி மூத்தாருக்கு எதிரே நின்று பேசக் கூடாது, அவரும் அவளோடு நேரடியாகப் பேசமாட்டார். ஒரே அறையில் இருந்தாலும் "அவளை அந்தத் தண்ணியை எடுத்துவரச் சொல்லு" என்று தன் மனைவியிடம்தான் சொல்வார். நானும் "எடுத்துட்டு வரேன்னு சொல்லுங்க அக்கா" என்பேன். இந்தக் கூத்து என் கல்யாணமான நாளிலிருந்து நடந்துகொண்டிருந்தது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லி ஓரகத்தியின் தொண்டைதான் வறண்டுபோகும்.

வருஷத் திதி முடிந்த கையோடு மூத்தார் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால்.

"போதும்னு சொல்லு. வண்டிய வித்துடலாம். அவ நம்ம வீட்டோட வந்து இருக்கட்டும். தம்பி பொண்டாட்டிக்கு ஒரு வாய் சோறு போட எனக்கு வக்கில்லையா?"

அவர் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கொடுமையெல்லாம் நடக்காது. அடுப்படியில் ஒரு மூலை, ஆளுக்கு முன்னால் வராமல் ஒதுங்கி நிற்பது, விசேஷ நாளில் பின்கட்டில் பாத்திரம் கழுவுவது. அன்பாகத்தான் வைத்திருப்பார்கள். அந்த அன்பை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

"எனக்குச் சோறு போட எனக்கே கை இருக்குன்னு சொல்லுங்க அக்கா."

மூத்தார் தனக்குச் சரி என்று பட்ட ஒரு வழியைச் சொன்னார். "சரி. ஆயுத பூசை வருது. போன வருஷம் துக்கம், பூசை போடல. இந்த வருஷம் தம்பி வண்டிக்கு நானே வந்து பூசை போடுறேன். விஜயதசமி அன்னைக்கு வண்டிய எடுக்கட்டும். நல்லபடியா கெளம்புச்சுன்னா நான் அதுக்கப்புறம் வாயத் தொறக்கமாட்டேன். கெளம்பலன்னா தம்பிக்கு இஷ்டமில்லன்னு அர்த்தம். வித்துடணும். கேட்டுச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வண்டி ஒரு வருஷமாகப் பூசையும் இல்லை, பொட்டும் இல்லை, ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. மழையில் நனைந்தால்கூட நாலாவது உதையில் கிளம்பிவிடும். சரி என்று சொல்லியனுப்பினேன்.

பூசையன்று மத்தியானம் துறைமுகத்துக்குப் போய்விட்டு வந்து வண்டியை நிறுத்தினேன். சாயங்காலம் ஓரகத்தி பட்டுச் சேலையில் வந்து இறங்கினாள். என்னை உள்ளே போகச் சொன்னார்கள். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் நான் நிற்கலாமா? பின்கட்டில் உட்கார்ந்து மறுநாளைக்குப் பயற்றங்காய் நறுக்கினேன். வாசலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம், மணிச் சத்தம், சாம்பிராணி வாசம், மூத்தார் ஏதோ தேவாரம் பாடும் குரல். நான் ஓட்டுகிற வண்டிக்கு நடக்கிற பூசையைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை காயை நறுக்கினேனோ, அத்தனையும் கோணல்மாணலாகத்தான் இருந்தது. எல்லாம் முடிந்து அவர்கள் போன பிறகு பொரியும் கடலையும் ஓர் இலையில் எனக்கு இருந்தது. வண்டிக்கு மாலை, விளக்கில் பொட்டு, சக்கரத்தில் பொட்டு. பூசை போட்ட ஆயுதத்தை விடியும்வரை தொடக் கூடாது. நானும் தொடவில்லை.

விஜயதசமி காலை. இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். மூத்தார் தேங்காய் உடைத்தார். சந்தில் பாதிப் பேர் வந்து நின்றார்கள், பால்காரர் உட்பட. "அவளை எடுக்கச் சொல்லு" என்றார் மூத்தார். நான் பெட்ரோல் குழாயைத் திறந்து, ஓங்கி உதைத்தேன்.

ஒன்றும் இல்லை. மறுபடி உதைத்தேன். நாலாவது உதை, ஐந்தாவது உதை. இருமல்கூட இல்லை. வண்டி கல் மாதிரி நின்றது. மூத்தார் என்னை விலகச் சொல்லிவிட்டுத் தானே உதைத்தார். அவர் செருப்பு ஒன்று கழன்று சாக்கடையில் போய் விழுந்தது. அதற்குக்கூட யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் ஒருத்தி, "அவ கை பட்ட வண்டிதானே" என்றாள், எனக்குக் கேட்கட்டும் என்றே. இத்தனை நாள் என் கை பட்டுத்தான் ஓடியது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

மூத்தார் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. "தம்பி சொல்லிட்டான்" என்றார். "ஜாலான் புசார்ல ஒருத்தர் வண்டி கேட்டிருந்தாரு. போய்க் கையோட கூட்டியாறேன். நீ இங்க இரு, அவளுக்குத் தொணையா." மனைவியிடம் சொல்லிவிட்டுச் சாக்கடையிலிருந்து செருப்பை எடுத்துக் கழுவிக்கொண்டு நடந்தார்.

கூட்டம் கலைந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் சோறு துறைமுகத்துக்குப் போக வேண்டும். அதைவிட, அந்த ஜாலான் புசார் ஆள் வந்து சேருவதற்குள் இந்தச் சனியன் கிளம்ப வேண்டும். ஓரகத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே, "விடும்மா, நம்ம வீட்டுக்கு வந்துடு, நான் இருக்கேன்ல" என்றாள். அவள் சொன்ன ஆறுதல்தான் எனக்குச் சூடு வைத்தது. சேலையை ஏற்றிச் செருகினேன். கணவருடைய சாமான்கள் இருந்த பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குந்தினேன்.

முதலில் பெட்ரோல். குழாயைக் கழற்றிக் கிண்ணத்தில் பிடித்தேன், தாராளமாக வந்தது. அப்படியானால் நெருப்புதான். பிளக்கைக் கழற்றினேன். நுனி பெட்ரோலில் நனைந்து, வாசம் மூக்கில் ஏறியது. பெட்ரோல் உள்ளே போயிருக்கிறது, பற்றவைக்க ஆள் இல்லை. பிளக்கை ஒயரில் மாட்டி, எஞ்சின் தலைமேல் படுக்கவைத்து, முந்தானையால் நிழல் கட்டினேன்.

"அக்கா, ஒரு ஒதை ஒதைங்க."

"நானா?"

"இங்க வேற யாரு இருக்கா?"

பட்டுச் சேலையோடு அவள் கிக்கரை மிதித்தாள். நிழலுக்குள் குனிந்து பார்த்தேன். பொறி வர வேண்டிய இடத்தில் இருட்டுதான் இருந்தது. டின்னில் இருந்த வேறு பிளக்கை மாட்டிப் பார்த்தேன். அதிலும் இல்லை. அவர் செய்வது மாதிரி ஒயர் நுனியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மிதிக்கச் சொன்னேன். நெருப்பு இருந்தால் தூக்கி அடிக்கும். அடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சுரணையும் இல்லை. அடி விழவில்லையே என்று அழுகை வந்தது அன்றைக்குத்தான்.

சந்து முனையில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் சீனர் ஒருவர் இருந்தார். எனக்காக வந்து எட்டிப் பார்த்தார். அவரும் ஒயரைப் பிடித்து ஒரு மிதி மிதித்துவிட்டு, "காயில் சுடா மாத்தி லா, அக்கா" என்றார். நெருப்புக்கு மின்சாரம் கொடுக்கிற காயில் செத்துவிட்டதாம். புதுசு வரவழைத்துத்தான் போட வேண்டும், இன்றைக்கு ஆகாது. கடையில் ஆள் காத்திருக்கிறார் என்று போய்விட்டார். ஓரகத்தி என்னைப் பார்த்தாள். "பாத்தியா, செத்துடுச்சுங்கிறாரு" என்றாள், ஏதோ மனுஷர் செத்துவிட்ட மாதிரி.

எனக்கு மனசு ஒப்பவில்லை. நேற்று மத்தியானம் தஞ்சோங் பகார்வரை போய் வந்த காயில், வீட்டில் நின்றுகொண்டே எப்படிச் சாகும்? நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன நடந்தது? பூசை நடந்தது. தண்ணீர்! வாளி வாளியாக ஊற்றினார்களே. ஒயர், பிளக் மூடி எல்லாவற்றையும் துடைத்து, விசிறியால் விசிறி, அடுப்புத் தணலில் லேசாகச் சூடு காட்டினேன். அக்கா மிதித்தாள். இல்லை. சாதம் பதம் தாண்டப்போகிறது என்று உள்ளே ஓடி வடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அப்போதுதான் எஞ்சினின் இடது பக்கத்து வட்ட மூடி கண்ணில் பட்டது. அதன் திருகாணிகளில் புதுக் கீறல் பளபளத்தது. மூடியின் விளிம்பில் சந்தனம் பிதுங்கிக் காய்ந்திருந்தது. நான் அதைத் திறந்து மாதக்கணக்காகிறது.

"அக்கா, இதை யாரு தொறந்தா?"

"அவருதான்" என்றாள், அதில் என்ன இருக்கிறது என்பது மாதிரி. "வெளியில மட்டும் பொட்டு வச்சா மூஞ்சிக்குப் பவுடர் பூசுன மாதிரி, உள்ள இருக்கறதுதானே ஓடுதுன்னாரு. அவங்க அச்சாபீசுல அப்படித்தானாம். எல்லா மெஷினையும் தொறந்து உள்ள வைப்பாங்களாம். திருகாணிய அவரு கழட்டிக் குடுத்தாரு, நான் வச்சேன். கட்டைச் சந்தனம், நானே அரைச்சது. நல்லா வழிய வழிய வச்சேன்மா, தம்பி வண்டியாச்சேன்னு."

அச்சு மெஷினின் உருளைக்குச் சந்தனம் வைத்தால் மறுநாள் துடைத்துவிட்டு ஓட்டலாம். இதற்குள்ளே இருப்பது வேறு. சின்னதாக இரண்டு இரும்புப் பொட்டு. ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலக வேண்டும். அது தொட்டால்தான் மின்சாரம், அது விலகினால்தான் நெருப்பு. நடுவில் ஒரு தலைமுடி விழுந்தாலே முரண்டு பிடிக்கும் இடம். மூடியைக் கழற்றினேன். உள்ளே அந்த இரண்டும் இருக்குமிடமே தெரியவில்லை. சந்தனம் சுவர்ப் பூச்சு மாதிரி இறுகிக் கிடந்தது, அதன் நடுவில் வட்டமாகக் குங்குமம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். பூசாரியே சாமியின் வாயை அடைத்துவிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து சிரித்தேன். ஓரகத்திக்குப் பயமாகப் போய்விட்டது.

சேலை ஓரத்தைக் கிழித்து, பெட்ரோலில் நனைத்து, கையை உள்ளே கொண்டுபோனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, வேணாம். பூசை போட்ட பொட்டு. குங்குமத்தை அழிக்கிறதா? அதுவும் நீ..."

அவள் முடிக்கவில்லை. நான் முடித்தேன்.

"என் நெத்தியில அழிச்சப்போ ஐயோன்னு ஒருத்தரும் சொல்லலியே அக்கா. நீங்களும் அங்கதான் இருந்தீங்க."

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. அவளைக் குத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொன்னதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. அவள் என் கையை விட்டாள். பிறகு பெட்ரோல் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், பட்டுச் சேலை தரையில் புரள.

துணியில் சிவப்பும் மஞ்சளும் வந்துகொண்டே இருந்தது. துணி மாற்றித் துணி மாற்றித் துடைத்தேன். கடைசியில் இரும்புப் பொட்டு இரண்டும் தெரிந்தன, மேலே மெல்லிய ஏடு ஒட்டிக்கொண்டு. உப்புத்தாளை ஒரு சின்னத் துண்டு கிழித்து, இரண்டுக்கும் நடுவில் விட்டு மெதுவாக இழுத்தேன். பிறகு பழைய நாள்காட்டி அட்டையைப் பெட்ரோலில் தோய்த்து இழுத்தேன். அட்டை சுத்தமாக வெளியே வந்தது. பிளக்கைத் துடைத்து ஒயரில் மாட்டிக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"மிதிங்க."

மிதித்தாள். முழங்கை வரைக்கும் சுளீர் என்று இழுத்து, என்னைச் சுவரில் கொண்டுபோய் மோதியது. "அம்மா!" என்று கத்தினேன். ஓரகத்தி அலறிக்கொண்டு ஓடி வந்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் வாங்கிய அடிகளிலேயே அவ்வளவு சந்தோஷமாக வாங்கியது அதுதான்.

"இருக்கு அக்கா! நெருப்பு இருக்கு!"

மூடியைப் போட்டு, பிளக்கை முடுக்கி, உதைத்தேன். முதல் உதையில் இருமியது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. சந்து முழுக்கப் புகை. பால்காரர் எட்டிப் பார்த்தார். அணைத்தால் எங்கே மறுபடி வம்பு பண்ணுமோ என்று வண்டியை ஓடவிட்டபடியே நானும் ஓரகத்தியும் உள்ளே வெளியே ஓடி அடுக்குகளை நிரப்பினோம். சாம்பார், பயற்றங்காய்ப் பொரியல், அப்பளம். அவள் கையில் கரி, என் கையில் சந்தனம். அடுக்குகளைக் கொக்கியில் மாட்டி முடிக்கும்போது மூத்தார் சந்தில் நுழைந்தார். கூடவே தொப்பி போட்ட ஒருவர், ஜாலான் புசார் ஆள்.

மூத்தார் வண்டிச் சத்தத்தைக் கேட்டு நின்றார். பிறகு முகமெல்லாம் மலர்ந்து கிட்டே வந்தார். இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அவர் சந்தோஷப்பட்டது நிஜம், அதை நான் மறுக்கமாட்டேன். மனைவியைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"பாத்தியாடி? கொஞ்சம் நேரமானாலும் சந்தனம் வேலை செஞ்சிடுச்சு. உள்ள வச்சதோட மகிமை!"

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். நடுவில் நின்று சொல்வதற்கு அவள் வாயைத் திறந்தாள். அவளை அந்த வேலையிலிருந்து விடுவித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. நான் வண்டிமேல் ஏறி உட்கார்ந்திருந்தேன், முக்காடு இல்லை, முழங்கால்வரை கால்சட்டை தெரிந்தது. அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். எஞ்சின் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. சந்துக்கே கேட்டிருக்கும்.

"மாமா! அடுத்த வருஷம் பொட்டு நான் வைக்கிறேன். எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும்!"

அவர் என்னைப் பார்த்தார். என் மடியில் கிடந்த துணியைப் பார்த்தார், சிவப்பும் மஞ்சளுமாக. வட்ட மூடியைப் பார்த்தார். இத்தனை மெஷின்களைக் கட்டி மேய்த்தவர். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் அந்தத் திருப்புளியைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது. தொப்பிக்காரர், "விக்கிறீங்களா இல்லையா?" என்று கேட்டார். மூத்தார் வண்டிக்கு முன்னாலிருந்து விலகி நின்று, தன் மனைவியிடம் சொன்னார்:

"அவளைப் பாத்துப் போகச் சொல்லு."

"சரி மாமா" என்று நானே சொன்னேன்.

காலையிலிருந்து சக்கரத்துக்கு அடியில் காத்துக்கிடந்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. சிலிகி ரோடு, ஹில் ஸ்ட்ரீட், சவுத் பிரிட்ஜ் ரோடு என்று ஒரே மூச்சில் விட்டேன். துறைமுகத்தில் சங்கு ஊதி எல்லாரும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெரியவர் அடுக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடாத்தான் இருக்கு" என்றார்.

அடுத்த ஆயுத பூசைக்கு நான் வெள்ளைச் சேலையோடு வாசலில் நின்று வண்டிக்குப் பொட்டு வைத்தேன். விளக்கில் ஒன்று, பெட்ரோல் டாங்கியில் ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. சந்தில் இரண்டு வீட்டுக் கதவுகள் சாத்திக்கொண்டன. சாத்தட்டும் என்று கைப்பிடியில் இன்னொரு பொட்டைப் பெரிசாகவே வைத்தேன். ஓரகத்தி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூத்தாரும் வந்து தேவாரம் பாடினார். திருப்புளியை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.